உழவு இயந்திரப் பெட்டி செய்கிறவர் விமானத் தகட்டு வேலைக்குப் போக முடியுமா?

பரந்தன்_பட்டறை

வணக்கம். பரந்தனில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறேன். உழவு இயந்திரப் பெட்டி, கேற், யன்னல் கம்பி, அரிசி ஆலைத் தகட்டு வேலை எல்லாம் செய்வோம். சாதாரண தரம் எழுதிய கையோடு பட்டறைக்கு வந்தவன். தொழிற் சான்றிதழ் எதுவும் இல்லை. மின்வில் ஒட்டு (வெல்டிங்) நன்றாக வரும், ஆர்கன் வாயு ஒட்டும் பழகியிருக்கிறேன். கனடாவில் விமானப் பாகங்கள் செய்யும் ஆலைகளுக்குத் தகட்டு வேலையாட்கள் தேவைப்படுகிறார்கள் என்று சொந்தக்காரர் ஒருவர் சொன்னார். அந்த வேலை உண்மையில் எப்படிப்பட்டது? என்னைப் போன்றவர் அதற்குப் போக முடியுமா? தெரிந்தவர்கள் விரிவாக எழுதினால் உதவியாக இருக்கும்.

நெடுங்கேணி

இலங்கையில் நடப்பது பெரும்பாலும் விமானப் பராமரிப்பு. அதுவும் கட்டுநாயக்கா, இரத்மலானைப் பக்கம்தான். நீங்கள் கேட்பது உற்பத்தி. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பராமரிப்புப் பொறியியலாளருக்குத் தனிப்பட்ட உரிமம் வேண்டும், அதற்குப் பல பாடங்களில் பரீட்சை எழுத வேண்டும். உற்பத்தி ஆலையில் தகடு வளைக்கிறவருக்கு அந்த உரிமம் தேவையில்லை. அங்கே அனுமதி பெற்றிருப்பது நிறுவனம். கொழும்பில் பெருந்தொகை வாங்கிக்கொண்டு படிப்பிக்கும் விமானப் பொறியியல் டிப்ளோமாக்களில் சேருமுன் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்.

மல்லாவி_மலர்

தம்பி, நான் மல்லாவியில் படித்து வளர்ந்தவள். இப்போது ஒன்ராறியோவில் விமான உடற்பகுதி கட்டும் ஆலையில் இருக்கிறேன்.

நீங்கள் ஒட்டுவேலைக்காரர் என்பதால் இதை முதலில் சொல்கிறேன்: வழமையான பயணிகள் விமானத்தின் உலோக உடலில் பெரும்பகுதி ஒட்டப்படுவதே இல்லை. வெளித்தகடு பெரும்பாலும் 2024 எனப்படும் செம்பு கலந்த அலுமினியக் கலப்புலோகம். கூடுதல் பலம் வேண்டிய இடங்களில் 7075, அதாவது நாகம் கலந்தது. இவற்றை மின்வில்லால் உருக்கி ஒட்டினால் ஆறும்போது வெடிப்பு விழும். வெப்பப் பதப்படுத்தலால் கிடைத்த பலமும் போய்விடும். அதனால்தான் ஒரு பெரிய விமானத்தில் இலட்சக்கணக்கில் ரிவெட்டுகளும் பிற இணைப்பாணிகளும் இருக்கின்றன. தகட்டு வேலை என்றால் முக்கியமாக வெட்டுவது, வளைப்பது, துளையிடுவது, பிசிறு நீக்குவது, ரிவெட் அடிப்பது.

ரிவெட் அடிப்பது இருவர் வேலை. ஒருவர் காற்றழுத்தத் துப்பாக்கியால் தலைப்பக்கம் அடிப்பார், மற்றவர் பின்னால் கனமான இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிப்பார். நடுவில் தகடு இருப்பதால் முகம் தெரியாது, தட்டித்தான் பேசுவார்கள். பல பட்டறைகளில் ஒரு தட்டு என்றால் இன்னும் அடி, இரண்டு என்றால் சரி, மூன்று என்றால் பழுது, கழற்று. பின்பக்கம் நசுங்கி உருவாகும் தலையின் அகலம் ரிவெட்டின் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கும், உயரம் அரை மடங்கும் இருக்க வேண்டும். 3.2 மில்லிமீற்றர் ரிவெட் என்றால் அகலம் 4.8, உயரம் 1.6. துளையின் மையம் தகட்டின் விளிம்பிலிருந்து குறைந்தது இரண்டு விட்டம் உள்ளே இருக்க வேண்டும். நெருங்கிவிட்டால் விளிம்பு கிழியும்.

சில ரிவெட்டுகளை வெப்பப் பதப்படுத்தி, உடனே குளிர்வித்து, உறைநிலைப் பெட்டியில் வைத்திருப்பார்கள். வெளியே எடுத்துச் சிறிது நேரத்துக்குள் அடித்துவிட வேண்டும். சாதாரண வெப்பநிலையில் அவை தாமாகவே இறுகத் தொடங்கிவிடும்.

தகட்டில் பென்சிலால் கோடு போடக்கூடாது. பென்சிலில் இருப்பது காரீயம், அதாவது கிராபைட். அது அலுமினியத்தோடு ஈரத்தில் சேர்ந்தால் அரிப்பு தொடங்கும். கூரான ஊசியாலும் கீறக்கூடாது. விமானம் மேலே ஏறும்போது உள்ளழுத்தத்தால் உடல் சற்று விரியும், இறங்கும்போது சுருங்கும். ஒவ்வொரு பறப்பிலும் இது நடக்கிறது. மயிரிழைக் கீறல் போதும், வெடிப்பு அங்கிருந்துதான் வளரும். 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா விமான சேவையின் போயிங் 737 ஒன்றின் முன்பகுதிக் கூரை நடுவானில் பிய்ந்து போனது. தகடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருந்தும் ரிவெட் வரிசையில் வளர்ந்த களைப்பு வெடிப்புகளே காரணம். பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். அந்த விமானம் அதற்குள் 89,000க்கும் மேற்பட்ட தடவைகள் ஏறி இறங்கியிருந்தது.

ஒட்டுவேலை இல்லவே இல்லை என்று நினைக்க வேண்டாம். எஞ்சினின் வெப்பப் பகுதி, புகைபோக்கிக் குழாய்கள், டைட்டேனியப் பாகங்கள் ஆகியவற்றில் ஆர்கன் ஒட்டுக்காரருக்குத் தனி மதிப்பு இருக்கிறது. டைட்டேனியம் சூட்டில் காற்றைக் குடிக்கும் உலோகம். ஒட்டு ஆறும்வரை முன்னாலும் பின்னாலும் அடியிலும் ஆர்கன் மூடியிருக்க வேண்டும். வெள்ளி நிறமாக வந்தால் நல்லது, இளவைக்கோல் நிறத்தையும் பொதுவாக ஏற்பார்கள்; நீலம், சாம்பல் என்று போனால் காற்று பட்டுவிட்டது என்று அர்த்தம்.

முத்தையன்கட்டு

தங்கச்சி நன்றாக எழுதியிருக்கிறார். நான் ஒரு விடயம் சேர்க்க வேண்டும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது வன்னியில் பட்டறை நடத்தியவன் நான். பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். பற்றறி இல்லை, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். உதிரிப் பாகம் என்று ஒன்று வராது. உடைந்த தண்டைப் பார்த்து, கைக்குக் கிடைத்த இரும்பில் இன்னொன்று கடைந்து போட்டால் இயந்திரம் ஓடும், வயலுக்குத் தண்ணீர் பாயும். வரைபடம் வைத்துக்கொண்டு செய்கிறவனைவிட வரைபடமே இல்லாமல் செய்கிறவன் கெட்டிக்காரன் என்று நான் இன்றும் நம்புகிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கை இருக்கிறது. அவர்கள் எந்த ஆலைக்கும் போகலாம்.

மல்லாவி_மலர்

ஐயா, அந்தக் கைகளால்தான் என் குடும்பமும் பிழைத்தது. என் மாமாவும் அப்படி ஒரு பட்டறையில் இருந்தவர். ஆனாலும் இந்த ஒரு இடத்தில் உங்களோடு உடன்பட முடியவில்லை. ‘இருப்பதை வைத்துச் சமாளிப்போம்’ என்ற பழக்கத்தைத்தான் தம்பி முதலில் ஆலை வாசலில் விட்டுவிட்டு வர வேண்டும்.

1985 ஆகஸ்ட் 12 அன்று ஜப்பான் எயார்லைன்ஸின் 123ஆம் இலக்கப் பறப்பு, போயிங் 747, மலையில் மோதியது. 524 பேரில் 520 பேர் இறந்தார்கள். அதே விமானம் 1978இல் ஒசாகாவில் தரையிறங்கும்போது வாலைத் தரையில் தட்டியிருந்தது. பின்பக்கத்தில் காற்றழுத்தத்தைத் தாங்கும் தடுப்புச் சுவரைப் பழுதுபார்த்தார்கள். இணைப்புக்கு ஒரே தொடர்ச்சியான தகடு வைத்து மூன்று வரிசை ரிவெட் பிணைக்க வேண்டும் என்பது பழுதுபார்ப்புத் திட்டம். அந்தத் தகட்டை இரண்டாக வெட்டிப் பொருத்தியிருந்தார்கள். வெளிப்பார்வைக்கு மூன்று வரிசையும் இருந்தது. நடுவில் சுமையைக் கடத்தியது ஒரே வரிசை. ஏழு ஆண்டுகள் அப்படியே பறந்தது. பிறகு சுவர் பிளந்து, வால் செட்டை பிய்ந்து, கட்டுப்பாட்டுக்கான எண்ணெய்க் குழாய்கள் நான்கும் அறுந்தன.

தகட்டை வெட்டியவர் பொருத்த வசதியாக இருக்கும் என்று நினைத்திருக்கலாம். உழவு இயந்திரப் பெட்டியில் ஒட்டு விட்டால் வழியில் நிறுத்தி மீண்டும் ஒட்டலாம். இங்கே நிறுத்த வழி இல்லை.

முத்தையன்கட்டு

அந்த விபத்து பற்றி இவ்வளவு விவரம் எனக்குத் தெரியாது. வாசித்து மனம் கனத்தது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன் பிள்ளை. அந்தப் பழுதை ஏழு வருடம் எவரும் காணவில்லை. வரைபடத்தில் உள்ளதை உள்ளபடி செய் என்று மட்டும் பழகியவனுக்கு, தகட்டை இரண்டாக வெட்டினால் சுமை எந்த வழியாகப் போகும் என்று தெரியுமா? இல்லாமையில் வேலை பழகியவன் இரும்பைப் பார்த்தே பலம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று சொல்வான். அந்த அறிவை வாசலில் விட்டுவிட்டு வா என்று சொல்கிறீர்களே.

மல்லாவி_மலர்

நீங்கள் கேட்டது சரியான கேள்வி, ஐயா. நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன்: அறிவை விடத் தேவையில்லை, அது போகும் வழி மாற வேண்டும். துளை சற்று விலகிவிட்டால் பெரிய ரிவெட் போட்டுச் சரிக்கட்டலாம் என்று கைக்குத் தெரியும். பொறியியலாளர் கடைசியில் அதையேகூடச் சொல்லலாம். ஆனால் வேலைக்காரர் தானே செய்யக்கூடாது. நிறுத்தி, பாகத்தில் அடையாளச் சீட்டுக் கட்டி, என்ன நடந்தது என்று எழுதி, ஒதுக்கி வைக்க வேண்டும். பொறியியலாளரும் தரப் பிரிவினரும் சேர்ந்து பார்த்து முடிவு தருவார்கள். அந்த முடிவும் பாகத்தின் தாளில் ஏறும். ‘இப்படிச் செய்தால் பலம் குறையாது’ என்று வேலைக்காரர் யோசனை எழுதிக் கொடுக்கலாம், கேட்கவும் செய்வார்கள். தகட்டைப் பிடித்து வைக்கும் சட்டங்கள், துளை வழிகாட்டிகள் செய்யும் பிரிவில் உங்களைப் போன்றவரின் கைக்கு நல்ல மதிப்பு இருக்கும்.

தாள் என்றவுடன் சலித்துக்கொள்ள வேண்டாம், தம்பி. 2024 ஜனவரி 5 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்டிலிருந்து புறப்பட்ட அலாஸ்கா எயார்லைன்ஸ் விமானத்தின் பக்கவாட்டுக் கதவு மூடி வானில் கழன்று விழுந்ததே, அதற்குப் பின்னால் இருந்ததும் ரிவெட்தான். பழுதான சில ரிவெட்டுகளை மாற்றுவதற்காக ஆலையில் அந்த மூடியைத் திறந்தார்கள். திறந்ததற்கு எந்தப் பதிவும் எழுதப்படவில்லை. திரும்ப மூடியபோது நான்கு திருகாணிகளும் போடப்படவில்லை. பதிவு இல்லாததால், சரிபார்க்க வேண்டும் என்பது அடுத்தவருக்குத் தெரியவில்லை. நல்லவேளையாக எவரும் இறக்கவில்லை.

அறிவியல்நகர்

தொழிற்பயிற்சித் துறையில் இருப்பவன் என்பதால் உள்ளூரில் என்ன செய்யலாம் என்று எழுதுகிறேன்.

தம்பிக்குச் சான்றிதழ் இல்லை என்பது பெரிய தடை அல்ல. தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வி.கியூ., 1 முதல் 7 வரை மட்டங்கள் கொண்டது. அனுபவத்தால் கற்றவர்களுக்கு முன்கற்றலை அங்கீகரிக்கும் வழி இருக்கிறது. வேலை செய்ததற்கான சான்றுகளைக் காட்டி, மதிப்பீட்டாளர் முன்னிலையில் செய்து காண்பித்து, 3ஆம் அல்லது 4ஆம் மட்டத்தைப் பெறலாம். தொழிற்பயிற்சி அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். செய்த வேலைகளின் படங்களை இன்றே எடுக்கத் தொடங்குங்கள். முழுநேரமாகப் படிக்க முடிந்தால் கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே விமானத் தகட்டு வேலை படிப்பிக்கவில்லை; ஆனால் உலோகத்தை அளந்து செய்கிற ஒழுக்கத்தை அங்கே பெறலாம்.

எங்கள் பிள்ளைகளிடம் நான் காணும் பெரிய குறை அளவிடுவதில்தான். ஒட்டு அழகாக இருக்கும், நீளத்தில் மூன்று மில்லிமீற்றர் பிசகியிருக்கும். கேற்றுக்கு அது போதும். விமானத் துளைக்கு மில்லிமீற்றரின் பத்தில் ஒன்றும் கூடுதல். வேணியர் இடுக்கிமானி, திருகுக் கணிச்சி (மைக்ரோமீற்றர்) இரண்டையும் வாசிக்கப் பழகுங்கள். வட அமெரிக்காவில் இன்னும் அங்குலக் கணக்குத்தான். அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்று 0.0254 மில்லிமீற்றர் என்பது மனதில் பதிய வேண்டும். ஒரு பாகத்தின் பக்கத் தோற்றங்களை வரைபடத்தில் அடுக்கும் முறையும் வேறு: அங்கே மூன்றாங்கோண எறியத்தில் வரும், ஐரோப்பாவில் முதற்கோணத்தில் வரும். மாறி வாசித்தால் இடப்பக்கத் துளை வலப்பக்கம் போய்விடும். வரைபடக் குறிப்புகளை வாசிக்கும் அளவுக்கு ஆங்கிலமும் வேண்டும்.

கனகராயன்

முகவர்களைப் பற்றியும் எழுத வேண்டும். எங்கள் ஊர்ப் பையன் ஒருவனிடம் ‘விமான ஆலையில் வேலை’ என்று சொல்லிப் பணம் வாங்கினார்கள். காணி ஈடு வைத்துக் கொடுத்த பணம். வேலையும் வரவில்லை, பணமும் வரவில்லை. முகவரிடம் உரிமம் இருக்கிறதா, சொல்லும் வேலைக்கு அனுமதி இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் கேட்டறியாமல் எவரும் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

தையல்பிரிவு_கிளி

கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலையில் வெட்டுப் பிரிவில் இருக்கிறேன். மலர் அக்காவிடம் ஒரு கேள்வி. இப்போது விமானங்களைத் துணி போன்ற ஒன்றால் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அது உண்மையா? பெண்கள் அந்த வேலையில் இருக்கிறார்களா?

மல்லாவி_மலர்

உண்மைதான், தங்கச்சி. போயிங் 787, எயார்பஸ் ஏ350 இரண்டிலும் கட்டமைப்பு எடையில் ஏறக்குறையப் பாதி காபன் இழைக் கலப்புப் பொருள். காபன் இழைத் துணியில் பிசினை ஏற்கெனவே ஊட்டிச் சுருளாக அனுப்புவார்கள். அதை −18 பாகை செல்சியசில் வைத்திருக்க வேண்டும். வெளியே எடுத்த நேரமெல்லாம் கணக்கில் ஏறும். அனுமதித்த மணித்தியாலம் கடந்தால் முழுச் சுருளும் கழிவு. தூசி கட்டுப்படுத்திய அறையில், கையுறையோடு, அச்சின் மேல் ஒவ்வொரு படையாக விரிக்க வேண்டும். ஒரு படை நேராக, அடுத்தது 45 பாகை சாய்வாக, அடுத்தது குறுக்காக என்று இழையின் திசை வரைபடத்தில் இருக்கும். சுருக்கம் விழக்கூடாது. ஒவ்வொரு படையிலிருந்தும் உரித்த மெல்லிய தாளை எண்ணி வைக்க வேண்டும். ஒன்று உள்ளே சிக்கினால் பாகம் அங்கே பிரியும். பிறகு உறை போட்டுக் காற்றை உறிஞ்சி, அழுத்தச் சூளையில் வேகவைப்பார்கள். பல பிசின்களுக்கு 180 பாகை செல்சியஸ் அளவு வெப்பம்.

துணியின் நெசவுத் திசை பார்த்து வெட்டுகிறவருக்கு, அளவு அட்டை வைத்து வீணாகாமல் அடுக்குகிறவருக்கு, இந்த வேலையின் பாதி ஏற்கெனவே கைவந்தது. என் ஆலையில் அந்தப் பிரிவில் பெண்கள் கணிசமாக இருக்கிறார்கள். உழவு இயந்திரப் பட்டறைக்காரர் மட்டும்தான் இங்கே கேட்க வேண்டும் என்று இல்லை. உங்கள் தோழிகளுக்கும் சொல்லுங்கள்.

வவுனிக்குளத்தான்

ஹம்பேர்க்கில் விமானப் பூச்சு வேலையில் இருந்தவன். உடல்நலம் பற்றி எவரும் எழுதவில்லையே. அலுமினியத்துக்கு அடிக்கும் அரிப்புத் தடுப்புப் பூச்சுகளில் ஆறு வலுவளவுள்ள குரோமியம் இருக்கலாம். அது புற்றுநோயை உண்டாக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதை அனுமதி பெற்றுத்தான் பயன்படுத்த முடியும். பழைய பூச்சை உரசும் தூசியும் ஆபத்து. ரிவெட் அடிக்கும் சத்தம் காதைக் கெடுக்கும், அதிர்வு விரல்களின் இரத்த ஓட்டத்தைக் கெடுக்கும். முகமூடி, காதடைப்பு தந்தால் வெட்கப்படாமல் முழுநேரமும் போடுங்கள். எங்கள் பட்டறைகளில் கறுப்புக் கண்ணாடிகூடப் போடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒட்டுகிறார்கள். அந்தப் பழக்கத்தைப் பரந்தனிலேயே நிறுத்துங்கள், தம்பி.

புதுக்குடியிருப்பான்

இவ்வளவும் வாசித்தேன். எவரும் தொடாத ஒன்றைக் கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம்.

எங்களுக்கு விமானம் என்றால் முதலில் குண்டு போட வந்த கிபிர். சத்தத்தை வைத்தே இது கிபிரா, ‘வண்டு’ என்று நாங்கள் சொல்லும் ஆளில்லா வேவு விமானமா என்று சொல்லக்கூடிய பிள்ளைகள் இருந்த மண் இது. பதுங்கு குழிக்குள் பாடப் புத்தகத்தோடு இறங்கியவர்கள் இன்றும் எங்கள் நடுவில் இருக்கிறார்கள். என் வீட்டிலும் இழப்பு உண்டு. அப்படிப்பட்ட ஊரிலிருந்து போகிறவர், தான் வளைக்கும் தகடு பயணிகள் விமானத்துக்குப் போகிறதா, குண்டு போடும் விமானத்துக்குப் போகிறதா என்று கேட்க வேண்டாமா? அங்கே கேட்கத்தான் முடியுமா?

பரந்தன்_பட்டறை

அண்ணா, இதை நான் யோசிக்கவில்லை. போர் முடியும்போது சின்னப் பிள்ளை. ஆனாலும் அந்தச் சத்தம் நினைவில் இருக்கிறது. பதில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மல்லாவி_மலர்

புதுக்குடியிருப்பு அண்ணா, இதைக் கேட்டதற்கு நன்றி. எனக்கும் இது எளிதான விடயமாக இருந்ததில்லை.

கேட்க முடியும். பெரிய ஆலையில் எந்த விமானத்துக்கான பிரிவு என்பது வெளிப்படையாகவே தெரியும். நேர்முகத்தில் ‘இங்கே பாதுகாப்புத்துறை வேலை நடக்கிறதா’ என்று கேட்பது வழமையான கேள்விதான். கனடாவில் பாதுகாப்புத்துறைப் பொருட்களைக் கையாளும் இடம் அரசின் கட்டுப்படுத்தப்பட்ட பொருட்கள் திட்டத்தில் பதிவாகியிருக்க வேண்டும். வேலைக்கு வருகிறவரின் பின்னணியை ஆராய்வார்கள். அமெரிக்காவில் படைத்துறைப் பாகங்கள் செய்யும் இடத்துக்கு, சிறப்பு அனுமதி இல்லாவிட்டால், குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ அகதிப் பாதுகாப்போ உள்ளவர்களை மட்டுமே எடுக்க முடியும். ஆகவே வேலை விசாவில் புதிதாக வருகிறவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது பயணிகள் விமான வேலைதான். சிறிய துணை ஒப்பந்த ஆலைகளில் நிலைமை வேறு. ஒரு பாக இலக்கம் மட்டும் வரும், அது எந்த விமானத்தில் ஏறும் என்று வேலைக்காரருக்குத் தெரியாமலே போகலாம். அந்த இடத்தில் கேட்பதும், பதில் பிடிக்காவிட்டால் வேறிடம் பார்ப்பதும்தான் உள்ள வழி. நான் பயணிகள் விமானப் பிரிவை மட்டும் கேட்டு எடுத்தவள். என் தாயிடம் வேறு விதமாகப் பதில் சொல்ல என்னால் முடியாது.

புதுக்குடியிருப்பான்

நேர்மையான பதில், தங்கச்சி. தம்பி போகட்டும். கேட்டுவிட்டுப் போகட்டும்.

முத்தையன்கட்டு

ஒரு யோசனை. இந்தப் பாகங்களில் சின்னச் சின்னத் தாங்கிகளையாவது வன்னியிலேயே செய்ய ஒரு பட்டறை வைக்க முடியாதா?

அறிவியல்நகர்

முடியாது என்று சொல்ல மாட்டேன், ஐயா. ஆனால் இயந்திரத்தை வாங்கி வைப்பதால் அது நடக்காது. விமானத் துறைக்கென்று உள்ள ஏஎஸ் 9100 தரமுறைக்கு முழு நிறுவனமும் சான்று பெற வேண்டும். வெப்பப் பதப்படுத்தல், இரசாயனப் பூச்சு, ஒட்டு போன்றவற்றுக்குத் தனி அங்கீகாரம் கேட்பார்கள். தகடு எந்த ஆலையில் எந்தத் தொகுதியில் வார்த்தது என்று கடைசி ஆணி வரை காட்ட வேண்டும். வன்னியில் நாம் இன்று தொடங்கக்கூடியது உழவு இயந்திரப் பெட்டியையே வரைபடம் போட்டு, அளவுப் பதிவோடு செய்யும் பட்டறை. அப்படி ஒன்று கிளிநொச்சியில் இருந்தால் என் மாணவர்களை நானே அனுப்புவேன்.

பரந்தன்_பட்டறை

எல்லோருக்கும் நன்றி. முன்கற்றல் மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். முதலாளியிடமும் பேசிவிட்டேன், கடிதம் தருவதாகச் சொன்னார். மலர் அக்கா, இங்கே இருக்கும் பொருளை வைத்து இப்போதே பழக ஏதாவது பயிற்சி இருந்தால் சொல்லுங்கள்.

மல்லாவி_மலர்

இருக்கிறது, தம்பி. ஒன்றரை மில்லிமீற்றர் அளவில் அலுமினியத் தகட்டுத் துண்டு இரண்டு எடுங்கள். மெல்லிய மைப் பேனாவால் குறியுங்கள்: விளிம்பிலிருந்து 8 மில்லிமீற்றர் உள்ளே, துளைக்குத் துளை 16 மில்லிமீற்றர், இருபது துளைகள். இரண்டு துண்டையும் இறுக்கிப் பிடித்து 3.2 மில்லிமீற்றர் துளைகருவியால் நேர்குத்தாகத் துளையுங்கள். பிறகு பிரித்து, இரண்டு துண்டிலும் முன்னும் பின்னுமாகத் துளைகளின் பிசிறை நீக்குங்கள். அதிகம் சுரண்டினால் துளை வாய் பெருத்துவிடும். இடையில் ஒரு தூளும் இல்லாமல் துடைத்து மீண்டும் சேர்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒவ்வொரு துளையின் விட்டத்தையும், விளிம்புத் தூரத்தையும், இடைவெளியையும் இடுக்கிமானியால் அளந்து அட்டவணையாக எழுதுங்கள்.

பரந்தன்_பட்டறை

ஞாயிறு பட்டறை பூட்டு, ஆனால் திறப்பு என்னிடம் இருக்கிறது. செய்து இங்கே போடுகிறேன். சரியாக வந்த துளைகளை மட்டும் எழுதினால் போதுமா?

மல்லாவி_மலர்

இருபதையும் எழுதுங்கள். பிசகியவற்றுக்குப் பக்கத்தில் எவ்வளவு பிசகியது, துளைகருவி எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதையும் எழுதுங்கள். அதைப் பார்த்தால்தான் அடுத்து என்ன பழக வேண்டும் என்று என்னால் சொல்ல முடியும்.